பாஸ்போர்ட்டில் முத்திரை விழாதவர்கள்: ஐரோப்பியக் குடிமக்களின் குடும்பத்தாருக்கான எல்லை விதி

இமிக்ரேஷன் கவுன்டரைத் தாண்டியதும் பாஸ்போர்ட்டைப் புரட்டி, முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது நம்மில் பலருக்கும் பழக்கம். முத்திரை இல்லையென்றால் வயிற்றைக் கலக்கும். ஆபீசர் மறந்துவிட்டாரோ, திரும்பும்போது மாட்டிக்கொள்வோமோ என்று மனம் அடித்துக்கொள்ளும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வகைப் பயணிகளுக்கு இது தலைகீழ். அவர்கள் பாஸ்போர்ட்டில் முத்திரை விழக் கூடாது, விழுந்தால்தான் கேள்வி. ஒன்றியத்தைச் சேர்ந்த ஏதோ ஒரு நாட்டின் குடிமகனுக்கு அல்லது குடிமகளுக்கு மனைவியாகவோ கணவனாகவோ பிள்ளையாகவோ இருந்து, ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடொன்றின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள்தான் அவர்கள். எல்லோருக்கும் இந்தச் சலுகை தானாகக் கிடைத்துவிடாது. கல்யாணச் சான்றிதழைக் காட்டினால் உள்ளே விடுவார்கள், ஆனால் முத்திரையும் குத்துவார்கள். முத்திரை குத்தாமல் இருக்க வேறொரு தாள், இப்போதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் அட்டை, வேண்டும். உள்ளே வரும் உரிமை உறவிலிருந்து வருகிறது, முத்திரை விலக்கு அட்டையிலிருந்து வருகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் கவுன்டரில் வாக்குவாதம் கிளம்புகிறது.

முதலில், முத்திரை எதற்கு? அழகுக்கு இல்லை, கணக்குக்கு. ஷெங்கன் பகுதி என்று சொல்லப்படும், தங்களுக்குள் வழக்கமான எல்லைச் சோதனை இல்லாத 29 நாடுகளுக்குள் சுற்றுலாவாகவோ வேலை விஷயமாகவோ குறுகிய காலத்துக்கு வருகிற வெளிநாட்டவர், எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. இந்த 29 நாடுகளுக்கும் சேர்த்தே 90 நாள். பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து கிளம்புகிற ஒருவர் எத்தனை நாள் இருந்தார் என்று இத்தாலிய அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பிரான்ஸ் குத்திய நுழைவு முத்திரையைப் பார்த்துத்தான். அதனால் முத்திரையின் வடிவம்கூட எல்லா ஷெங்கன் நாடுகளிலும் ஒன்றுதான். நுழைவு முத்திரை நேரான மூலைகள் கொண்ட செவ்வகம், வெளியேறும் முத்திரைக்கு மூலைகள் மழுங்கியிருக்கும். ஒரு மூலையில் நட்சத்திரங்கள் சூழ நாட்டின் எழுத்து, இன்னொரு மூலையில் விமானமோ கப்பலோ ரயிலோ காரோ, எதில் வந்தார் என்பதற்கான சின்னம். நடுவே தேதியும் எல்லைச் சாவடியின் பெயரும். மொழி தெரியாத அதிகாரியும் ஒரு நொடியில் படித்துவிடலாம்.

இந்தக் கணக்கை நடத்தும் சட்டத்துக்கு ஷெங்கன் எல்லைச் சட்டத்தொகுப்பு என்று பெயர். இப்போது நடப்பில் இருப்பது 2016-ல் வந்த பதிப்பு. அதில் கொஞ்சம் கடுமையான ஒரு பிரிவு உண்டு: நுழைவு முத்திரை இல்லாத வெளிநாட்டவர், தங்கும் கால வரம்பை மீறிவிட்டதாக அதிகாரிகள் அனுமானிக்கலாம். இல்லை என்று நிரூபிப்பது பயணியின் பொறுப்பு. விமான டிக்கெட், தங்கிய இடத்தின் ரசீது என்று நம்பத்தகுந்த எதையாவது காட்ட வேண்டும். ஆக, சாதாரணப் பயணிக்கு முத்திரை ஒரு பாதுகாப்பு. நம் ஆட்கள் புரட்டிப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

இனி ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மனைவி புதுச்சேரிக்காரர், இந்தியப் பாஸ்போர்ட். கணவரும் அதே ஊர்தான், ஆனால் பிரெஞ்சுக் குடிமகன். புதுச்சேரியில் இது அதிசயமில்லை. 1962-ல் பிரான்ஸ் அந்தப் பகுதியைச் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைத்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். நம் கதையில் கணவருக்கு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைக்கிறது. இருவரும் அங்கே குடிபோகிறார்கள்.

பிரெஞ்சுக்காரர் ஜெர்மனியில் வேலை பார்க்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. அது ஒன்றியத்தின் அடிப்படை உரிமை. ஆனால், 'நீ வரலாம், உன் மனைவி வருவதற்கு நாங்கள் யோசிக்க வேண்டும்' என்று ஜெர்மனி சொன்னால் அந்த உரிமைக்கு என்ன பொருள்? யாரும் குடும்பத்தைப் பிரிந்து போக மாட்டார்கள், உரிமை ஏட்டில்தான் இருக்கும். இந்த யோசனையில் பிறந்ததுதான் 2004/38 என்ற எண்ணுள்ள டைரக்டிவ், அதாவது உறுப்பு நாடுகளுக்கு ஒன்றியம் இடும் சட்டக் கட்டளை. 2004 ஏப்ரலில் நிறைவேறியது. 2006 ஏப்ரல் இறுதிக்குள் எல்லா உறுப்பு நாடுகளும் தங்கள் சட்டத்தில் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கெடு விதித்தார்கள். ஒன்றியத்தில் இல்லாத நார்வே, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைன் ஆகியவையும் இதைப் பின்பற்றுகின்றன. சுவிட்சர்லாந்து மட்டும் தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்ட நாடு. அது தரும் அனுமதி அட்டை, இந்தக் கட்டுரையில் பேசப்போகும் அட்டை ஆகாது.

குடும்பம் என்றால் யார் யார் என்பதையும் டைரக்டிவ் சொல்லிவிடுகிறது. கணவன் அல்லது மனைவி, சில நாடுகளில் பதிவு செய்துகொண்ட துணை, 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், 21 தாண்டியும் இவர்களை நம்பி வாழும் பிள்ளைகள், இவர்களை நம்பி வாழும் பெற்றோர். மாமியார் மாமனாரும் இதில் அடக்கம். அண்ணன் தம்பி, அத்தை பிள்ளைகள் இந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுக்கு வேறு வழி, வேறு நிபந்தனை.

மனைவி ஜெர்மனியில் குடியேறியதும் உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கிறார். விண்ணப்பித்ததற்கான சான்றை உடனே தர வேண்டும், அட்டையை 6 மாதத்துக்குள் தர வேண்டும் என்பது டைரக்டிவின் 10-வது பிரிவு. இந்த அட்டைக்கு ஜெர்மனியில் 'ஆஃபென்டால்ட்ஸ்கார்ட்டே' என்று பெயர். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பெயர் இருந்தாலும் உள்ளடக்கம் ஒன்று: இவர் ஒன்றியக் குடிமகனின் குடும்பத்தவர். பொதுவாக 5 ஆண்டு செல்லும். 5 ஆண்டு சட்டப்படி தொடர்ந்து வசித்தபின் நிரந்தரக் குடியிருப்பு அட்டை கிடைக்கும். அது 20-வது பிரிவு. முன்பு சில நாடுகள் இதைப் பாஸ்போர்ட்டில் ஒட்டும் தாளாகவும், சில நாடுகள் அட்டையாகவும் தந்துகொண்டிருந்தன. எல்லை அதிகாரிக்கு எது அசல், எது எந்த வகை என்று அடையாளம் காண்பதே பெரும்பாடு. 2021 ஆகஸ்டிலிருந்து எல்லா நாடுகளும் ஒரே மாதிரி அட்டை தர வேண்டும் என்றும், 10-வது பிரிவா 20-வது பிரிவா என்பதும் 2004/38 என்ற எண்ணும் அதிலேயே அச்சாகியிருக்க வேண்டும் என்றும் ஆக்கிவிட்டார்கள். ரொம்பத் தாமதமாக வந்த நல்ல காரியம்.

இப்போது முத்திரைக்கு வருவோம். டைரக்டிவின் 5-வது பிரிவு, 3-வது பத்தி. குடும்பத்தவர் 10-வது பிரிவு அட்டையைக் காட்டினால் அவர் பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரையோ வெளியேறும் முத்திரையோ இடக் கூடாது. எல்லைச் சட்டத்தொகுப்பின் 11-வது பிரிவு இதையே இரண்டு பக்கமிருந்தும் சொல்கிறது: அட்டையைக் காட்டினால் முத்திரை கிடையாது, குடும்பத்தவராகவே இருந்தாலும் அட்டையைக் காட்டாவிட்டால் முத்திரை உண்டு.

'காட்டினால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அட்டை வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை. விண்ணப்பித்ததற்கான சான்று கையில் இருக்கிறது, அட்டை இன்னும் வரவில்லை என்றாலும் முத்திரை விழும். நம் புதுச்சேரிப் பெண் முதல்முறை விசாவில் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கும்போது, பக்கத்தில் கணவர் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு நின்றாலும் முத்திரை விழும். அதிகாரி செய்வது சரி. சண்டை போட வேண்டாம்.

முத்திரை விழுந்துவிட்டதால் அவருக்கு 90 நாள் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டதா? இல்லை. இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அவர் ஜெர்மனியில் இருக்கும் உரிமை, கணவர் அங்கே வேலை பார்க்கிறார் என்பதிலிருந்து வருகிறது. அட்டை அந்த உரிமையை எடுத்துச் சொல்லும் சான்று மட்டுமே, உரிமையைப் பிறப்பிப்பது இல்லை. முத்திரையும் அப்படித்தான், ஒரு தேதியைச் சொல்கிறதே தவிர உரிமையைக் குறைப்பதில்லை. கணவரோடு சேர்ந்து ஒரு மாதம் ஸ்பெயின், அப்புறம் இரண்டு மாதம் இத்தாலி என்று போனாலும், டைரக்டிவின் 6-வது பிரிவுப்படி ஒவ்வொரு நாட்டிலும் 3 மாதம்வரை இருக்கலாம். எல்லா நாடுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி 90 நாள் என்று எண்ணும் விதி இந்தப் பயணத்துக்குப் பொருந்தாது.

அப்படியானால் முத்திரை விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன என்று கேட்கலாம். சட்டத்தில் வித்தியாசம் இல்லை, நடைமுறையில் இருக்கிறது. ஜனவரியில் நுழைவு முத்திரை, ஆகஸ்டில் வெளியேறுகிறார். நடுவே 7 மாதம். கவுன்டரில் இருப்பவர் முத்திரைகளைப் பார்த்துப் பழகியவர், அவர் கண் முதலில் அதில்தான் போகும். 'அதிக நாள் தங்கிவிட்டீர்களே' என்று ஆரம்பிப்பார். விளக்கிவிடலாம்தான், ஆனால் பின்னால் வரிசை நிற்கிறது, விமானத்துக்கு நேரமாகிறது. பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு விலகியபோது, ஏற்கெனவே பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் குடியிருந்த பிரிட்டிஷ்காரர்களுக்கு இதே குழப்பம் வந்தது. குடியிருப்பு உரிமையைத் தக்கவைத்துக்கொண்டவர்கள் பாஸ்போர்ட்டிலும் சிலர் முத்திரை குத்தினார்கள். அவர்களுக்கு முத்திரை இடக் கூடாது, தவறி இட்டாலும் அது அவர்களுடைய நீண்டகாலக் குடியிருப்பைப் பாதிக்காது என்று ஐரோப்பிய ஆணையம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. இன்னொரு சின்ன நன்மையும் உண்டு. சாதாரண இந்தியப் பாஸ்போர்ட்டில் 36 பக்கம். ஆண்டுக்கு நாலு முறை போய்வருகிற குடும்பத்துக்கு முத்திரை இல்லாத பக்கங்கள் மிச்சம்.

எல்லை அலுவலர்கள் வேண்டுமென்றே செய்வதாக நான் நினைக்கவில்லை. ஒரு நாளில் அவர்கள் பார்க்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுகளில் பெரும்பாலானவை சுற்றுலா விசாவோடு வருபவை. கை தானாக முத்திரைக்குப் போகிறது. அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள் செருகிக் கொடுத்தால் அது கண்ணில் படுவதற்குள் முத்திரை விழுந்திருக்கும். அட்டையைத் தனியாக, மேலே வைத்துக் கொடுப்பதே நல்லது. ஐரோப்பியர்களுக்கான வரிசையில் நிற்கவும் குடும்பத்தவருக்கு உரிமை உண்டு. அந்த வரிசை, தடையின்றிப் பயணிக்கும் உரிமை உள்ளவர்களுக்கானது, குடும்பத்தாரும் அந்த வரையறைக்குள் வருகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் வரிசை ஒழுங்குபடுத்துபவர் மறுபக்கம் கையைக் காட்டுவார். அட்டையைக் காட்டினால் போதும்.

இனி இந்தக் கதையின் சிக்கலான திருப்பம். கணவர் வேலையை விட்டுவிட்டுப் பாரிஸுக்கே திரும்புகிறார் என்று வையுங்கள். அல்லது இருவரும் ஜெர்மனிக்குப் போகவே இல்லை, முதலிலிருந்தே பாரிஸில்தான் வாழ்க்கை. அப்போது டைரக்டிவ் பொருந்துமா? 3-வது பிரிவு சொல்வது இதுதான்: தன் சொந்த நாடு தவிர்த்த வேறொரு உறுப்பு நாட்டுக்குப் போகிற அல்லது அங்கே வசிக்கிற ஒன்றியக் குடிமகனுக்கும் அவர் குடும்பத்துக்கும் மட்டுமே இது. பிரான்ஸில் வசிக்கும் பிரெஞ்சுக்காரரின் மனைவிக்கு அனுமதி தருவது பிரான்ஸின் உள்நாட்டுச் சட்டம். அவருக்குக் கிடைக்கும் அட்டை 10-வது பிரிவு அட்டை ஆகாது. ஜெர்மனியில் ஜெர்மானியரை மணந்து வாழும் பெண்ணுக்கும் அப்படித்தான். இதைக் கேட்டதும் 'சொந்த நாட்டுக்காரனைக் கட்டினவளுக்குக் குறைந்த உரிமையா' என்று ஆச்சரியப்படுவார்கள். வேடிக்கைதான், ஆனால் காரணம் இருக்கிறது. ஒன்றியச் சட்டம் எல்லை தாண்டுபவர்களுக்காக எழுதப்பட்டது, எல்லை தாண்டாதவர் விஷயத்தை அந்தந்த நாட்டிடம் விட்டுவிட்டது.

முத்திரையைப் பொறுத்தவரை இதனால் பெரிய நஷ்டமில்லை. ஷெங்கன் நாடு ஒன்றின் குடியிருப்பு அனுமதி வைத்திருப்பவர், அது எந்த வகை அனுமதியானாலும், குறுகிய காலப் பயணி கிடையாது. அவருக்குப் பொதுவாக முத்திரை இடுவதில்லை. வித்தியாசம் அயர்லாந்துக்குப் போகும்போது தெரியும். அயர்லாந்து ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. கணவரோடு டப்ளின் போகும் மனைவியிடம் 10-வது பிரிவு அட்டை இருந்தால் விசா தேவையில்லை. உள்நாட்டுச் சட்ட அட்டை மட்டும் இருந்தால் விசா எடுக்க வேண்டும். அந்த விசாவைக் கட்டணமில்லாமல், விரைவாகத் தர வேண்டும் என்பதும் டைரக்டிவில் இருக்கிறது.

சொந்த நாட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. அதைத் திறந்தது ஓர் இந்தியரின் வழக்கு. பிரிட்டிஷ் பெண்ணை மணந்த அவர், மனைவியோடு 1980-களில் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு பிரிட்டன் திரும்பினார். 1992-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: வேறொரு உறுப்பு நாட்டில் வேலை பார்த்துத் திரும்பும் குடிமகள், தன் நாட்டுக்கே வரும்போதும் ஒன்றியச் சட்டத்தின் பாதுகாப்போடுதான் வருகிறாள், இல்லையென்றால் முதலில் கிளம்பிப் போகவே தயங்குவாள். சுரிந்தர் சிங் வழக்கு என்று இதைச் சொல்வார்கள். நம் ஸ்டுட்கார்ட் தம்பதி சில ஆண்டுகள் அங்கே உண்மையாகவே வாழ்ந்துவிட்டுப் பாரிஸ் திரும்பினால், மனைவிக்காக இந்த வாதத்தை முன்வைக்கலாம்.

அட்டை விஷயத்தில் நீதிமன்றம் வேறு சில முடிச்சுகளையும் அவிழ்த்திருக்கிறது. 2017-ல் லண்டனிலிருந்து புடாபெஸ்ட் போன ரயன்ஏர் விமானத்தில் ஓர் உக்ரைன் நாட்டவர். கையில் பிரிட்டன் கொடுத்த நிரந்தரக் குடியிருப்பு அட்டை, அதாவது 20-வது பிரிவு அட்டை. விசா எங்கே என்றது ஹங்கேரிப் போலீஸ். சட்டத்தில் 10-வது பிரிவு அட்டைக்குத்தானே விசா விலக்கு என்று எழுதியிருக்கிறது, இது 20 ஆயிற்றே என்பது அவர்கள் வாதம். எழுத்தைப் பிடித்துத் தொங்கினால் இப்படித்தான். 5 ஆண்டு வாழ்ந்து பெரிய உரிமை பெற்றவருக்குச் சின்ன உரிமை இல்லாமல் போகுமா? 2020 ஜூனில் தீர்ப்பு வந்தது: நிரந்தர அட்டைக்கும் விலக்கு உண்டு, ஷெங்கனில் இல்லாத உறுப்பு நாடு கொடுத்த அட்டையானாலும் உண்டு. பயணம் நடந்த 2017-ல் பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். இன்று பிரிட்டன் கொடுக்கும் அட்டைக்கு இது பொருந்தாது.

அட்டையும் இல்லை, விசாவும் இல்லை, ஆனால் குடும்பத்தவர் என்பது உண்மை. அப்படி ஒருவர் எல்லைக்கு வந்துவிட்டால்? 2002-லேயே பெல்ஜிய அமைப்பு ஒன்று தொடுத்த எம்ராக்ஸ் வழக்கில் இதற்குப் பதில் கிடைத்துவிட்டது. தான் யார் என்பதையும் உறவையும் நிரூபிக்க முடிந்தால், விசா இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. நிரூபிக்க நியாயமான அவகாசம் தர வேண்டும் என்று டைரக்டிவும் சொல்கிறது. கடைசி நம்பிக்கையாக இதை வைத்துக்கொள்ளலாம், திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது. எல்லைவரை வந்தால்தானே இந்த வாதம்? அதற்கு முன்னால் விமான நிறுவனத்தின் செக்-இன் ஊழியரைத் தாண்ட வேண்டும், அவர் போர்டிங் பாஸ் தராவிட்டால் கதை அங்கேயே முடிந்தது.

இப்போது முத்திரைக்கே முடிவு வந்துகொண்டிருக்கிறது. 2025 அக்டோபர் 12-ல் ஷெங்கன் எல்லைகளில் நுழைவு-வெளியேற்றப் பதிவு அமைப்பு படிப்படியாகத் தொடங்கியது. 2026 ஏப்ரல் 10-க்குள் எல்லாச் சாவடிகளுக்கும் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். சுருக்கமாக இ.இ.எஸ். என்பார்கள். குறுகிய காலப் பயணியின் முகப் படமும் நாலு விரல் ரேகையும் ஒருமுறை பதிவாகும், 12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு ரேகை வேண்டாம். அதன்பின் வருவதும் போவதும் கணினியில் ஏறும், 90 நாளைக் கணினியே எண்ணும்.

பழைய விதியின் இரட்டைப் போக்கு புதிய அமைப்பிலும் அப்படியே தொடர்கிறது. அட்டை உள்ள குடும்பத்தவருக்கு இ.இ.எஸ். கிடையாது. கூட ஐரோப்பியக் குடிமகன் வந்தாலும் வராவிட்டாலும் விலக்கு உண்டு. கியோஸ்க் இயந்திரத்தில் ரேகை வைக்கச் சொன்னால் அட்டையைக் காட்டி அதிகாரியிடம் போக வேண்டியதுதான். ஷெங்கன் நாட்டுக் குடியிருப்பு அனுமதி உள்ள மற்றவர்களுக்கும் விலக்கு உண்டு. அட்டை இல்லாத குடும்பத்தவர் மட்டும் பதிவாவார், முன்பு முத்திரை விழுந்ததுபோல. ஆனால் முத்திரைக்குத் தெரியாத ஒரு விஷயம் இந்தக் கணினிக்குத் தெரியும். பதிவு செய்யும்போதே 'இவர் ஒன்றியக் குடிமகனின் குடும்பத்தவர்' என்று குறித்துவிட்டால், 90 நாள் எண்ணிக்கையும் 'காலம் கடந்துவிட்டது' என்ற எச்சரிக்கையும் அவருக்கு இயங்காது. மற்றவர்களின் பயண விவரம் 3 ஆண்டு இருக்கும், இவருடையது வெளியேறிய நாளிலிருந்து ஓராண்டுதான். அதிகாரி குறிக்க மறந்தால் சாதாரணச் சுற்றுலாப் பயணியாகவே பதிவாகிவிடுவார். அதனால் அட்டை வரும்வரை கல்யாணச் சான்றிதழின் மொழிபெயர்ப்பையும், ஐரோப்பியப் பாஸ்போர்ட்டின் நகலையும், கணவரின் வசிப்பிடப் பதிவையும் கைப்பையில் வைத்திருந்து, பதிவுக்கு முன்பே எடுத்துக் காட்டுவது நல்லது. பெட்டிக்குள் போட்டுச் செக்-இன் செய்துவிட வேண்டாம்.

அயர்லாந்தும் சைப்ரஸும் இந்த அமைப்பில் இல்லை. சைப்ரஸ் ஒன்றியத்தில் இருந்தும் ஷெங்கனுக்குள் வராததால், லார்னகாவில் இறங்குபவர்களுக்கு மையும் கட்டையும் இன்னும் காத்திருக்கின்றன. அங்கேயும் அட்டையைப் பாஸ்போர்ட்டுக்கு மேலே வைத்துக் கொடுங்கள்.

தவறி முத்திரை விழுந்துவிட்டால், கவுன்டரிலேயே அமைதியாகச் சொல்லி அதை ரத்து செய்யக் கேட்கலாம். வரிசை நகர்ந்துவிட்டது, ஆள் மாறிவிட்டார் என்றால் விட்டுவிடுங்கள், உரிமை எங்கும் போய்விடாது. அந்தப் பயணத்தின் போர்டிங் பாஸையும் அட்டையின் நகலையும் அதே பாஸ்போர்ட் இருக்கும்வரை பத்திரமாக வைத்திருங்கள். திரும்பத் திரும்ப நடந்தால் 'சோல்விட்' என்ற சேவை இருக்கிறது. உறுப்பு நாடுகளின் அலுவலகங்கள் ஒன்றியச் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தும்போது தலையிட்டுப் பேசும் அமைப்பு அது. கட்டணம் இல்லை. புகார் எழுதும்போது, எந்தச் சாவடி, எந்தத் தேதி என்பதற்கு அந்த முத்திரையையே சான்றாகப் படம் பிடித்து அனுப்பலாம்.